பெட்டியை மாற்றும் வைத்தியம்

என் தமக்கையின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். இருபது வயதைத் தாண்டிய, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குழந்தையைப் போலப் பராமரித்து வருகிறான். சென்ற ஆண்டு அந்த வண்டிக்கு முறைக்காய்ச்சல் வந்தது. நெடுஞ்சாலை 401இல் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முகப்பிலுள்ள முட்கள் யாவும் ஒரு கணம் பூச்சியத்தில் விழும். அடுத்த கணம் எழும். ஆனால் கியர்பெட்டி மூன்றாவது கியரிலேயே உறைந்துவிடும். நெரிசல் விலகி, பின்னால் லொறிகள் வேகமெடுத்து வரும் வேளையில் இவன் வண்டி மட்டும் திணறும். ஓரமாக நிறுத்தி, திறப்பை அணைத்துத் திரும்பவும் போட்டால் எதுவுமே நடவாததுபோல ஓடும். இரண்டு வாரம் சுகம். பின்னர் மீண்டும் அதே கதை.

கராஜில் கணனியைப் பொருத்தினார்கள். கியர்பெட்டி பற்றிய குறியீடுகள் வந்தன. கியர்பெட்டியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் பழுது திரும்பி வந்தது. கியர்பெட்டிக்குள் இருக்கும் சொலனொயிட்களை மாற்றினார்கள். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது முறை, கியர்பெட்டியையே கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் மூவாயிரத்துச் சொச்சம் டொலர் போய்விட்டது.

இதனை நான் வைத்தியம் என்று ஏற்க மாட்டேன். இது ஊகம். அதுவும் வாடிக்கையாளரின் பணத்தில் ஆடப்படும் ஊகம்.

குறியீடு என்பது என்ன? 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்கள் அனைத்திலும் ஒரே தரத்திலான பழுதறி முறை கட்டாயமாக்கப்பட்டது. அதன்படி பி0700 என்றால் 'கியர்பெட்டிக் கட்டுப்பாட்டில் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியுள்ளது, அங்கே போய்க் கேள்' என்பது மட்டுமே பொருள். யூ0101 என்றால் 'கியர்பெட்டிக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் தொடர்பு அறுந்தது' என்று பொருள். 'அந்தப் பெட்டி பழுது' என்று இவற்றில் எங்கே எழுதியிருக்கிறது? தொலைபேசியில் பதில் இல்லை என்பதற்காக மறுமுனையில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று செய்தி போடுவோமா? நான் பணியாற்றிய செய்திப்பிரிவில் ஒருவர் அப்படி எழுதியிருந்தால் மறுநாள் அவருக்கு நாற்காலி இருந்திராது.

என் மருமகனின் காரிலும் அந்தப் பட்டியலின் அடியில் பி0562 என்ற இன்னொரு குறியீடு கிடந்தது. மின்னழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. அதற்கு மாற்றி விற்கக்கூடிய பெட்டி எதுவும் இல்லை அல்லவா!

இக்காலக் கியர்பெட்டி எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கினாலும் முடிவெடுப்பது மின்சாரமே. வேகத்தைச் சொல்லும் சென்சர்களும் எண்ணெய்ப் பாதையைத் திறந்து மூடும் சொலனொயிட்களும் சீரான மின்னழுத்தத்தை நம்பியே இருக்கின்றன. அது ஒரு கணம் சரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி மயங்கி விழித்து, தன் சென்சர்களையே சந்தேகித்து, பாதுகாப்புக்காக ஒரே கியரில் நின்றுவிடுகிறது. ஆகவே, முட்களும் கியரும் ஒரே கணத்தில் தடுமாறினால் இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அங்கேதான் முதலில் தேட வேண்டும். பற்றறி, ஏர்த் வயர், பிரதான பியூஸ், ரிலே என்ற வரிசையில்.

இறுதியில் ஓய்வுபெற்ற மின்திருத்துநர் ஒருவரிடம் வண்டி போயிற்று. அவர் முதலில் கேட்ட கேள்வி: "எப்போது வருகிறது?" நெரிசலில், எஞ்சின் சூடேறி மின்விசிறி சுழலும் வேளையில். அதுவரை எவரும் அவனிடம் இதைக் கேட்டிருக்கவில்லை. விசிறி, முன்விளக்கு, வெப்பமூட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பற்றறியின் எதிர்முனைக்கும் ஏர்த் வயர்கள் ஒன்றுசேரும் ஒரு முனைக்கும் இடையே மீற்றரை வைத்தார். 0.1 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டியது 1.4 வோல்ற் காட்டியது. போல்ற்றின் மேலே பளபளப்பு. கழற்றிப் பார்த்தால் அடியில் பச்சைப் பாசம் பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து இறுக்கினார். வாங்கிய கூலி எண்பது டொலர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெறுமனே ஓம் மீற்றரால் அளந்திருந்தால் அந்த இணைப்பு நல்லது என்றே காட்டியிருக்கக்கூடும். பல இழைகள் அறுந்து ஒரே இழை எஞ்சிய வயரும் ஓம் மீற்றருக்கு முழு வயர்தான். சுமை ஏற்றி, மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

பெட்டி பழுதாகவே ஆகாது என்று நான் வாதிடவில்லை. மெர்சிடிஸின் 722.6 என்ற ஐந்துவேகக் கியர்பெட்டி எஸ்எல்கே, கிறைஸ்லர் குறோஸ்பயர் ஆகிய கார்களில் இருந்தது. அதன் மின்னிணைப்பின் இறப்பர் வளையம் தளர்ந்தால் எண்ணெய் வயருக்குள்ளேயே ஊறி ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அடைந்துவிடும். அங்கேயும் வளையத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால், புதிய பெட்டியும் எண்ணெய் குடிக்கும்.

1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பற்றறியே தடைசெய்யப்பட்ட பொருள். ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் கராஜ்காரருக்கு மாற்றுவதற்குப் பொருள் இல்லை. ஆகவே பழுதைக் கண்டுபிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. அந்த இல்லாமையை நான் போற்றவில்லை. அது கற்றுக்கொடுத்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

கராஜ்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. விட்டுவிட்டு வரும் பழுது அவர் முன்னால் வருவதில்லை. இரண்டு மணிநேரம் தேடியதற்குக் கூலி கேட்டால், "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்று சண்டைக்குப் போகிறவர்கள் நாம்தான். கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய பொருளுக்கு ஆயிரம் கொடுப்போம். மூளைக்கு நூறு கொடுக்க மனம் வராது. என் மருமகனும் முதல் நாளில் அப்படித்தான் பேரம் பேசியிருக்கிறான்.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மதிப்பீட்டுக்கு மேல் பத்து வீதத்தைத் தாண்டி அறவிடக் கூடாது என்றும், கழற்றிய உதிரிப்பாகத்தைத் திருப்பித்தர முன்வர வேண்டும் என்றும், பூட்டிய பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு என்றும் விதித்தது. நல்ல சட்டம். ஆனால் புதிதாகப் பூட்டிய பெட்டி நன்றாகவே வேலை செய்கிறதே! கழற்றிய பெட்டியும் நன்றாகத்தானே வேலை செய்தது? பிழைத்தது நோயறிதல், அதற்கு உத்தரவாதச் சீட்டு கிடையாது. ஆகவே எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன் "என்ன அளந்தீர்கள்? எத்தனை வோல்ற் இருந்தது?" என்று கேளுங்கள். விடையைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருமகன் பழைய பெட்டியை வாங்கிவந்து திரும்பவும் பூட்டினான். ஒரு கோடை முழுவதும் ஒரு தடவையேனும் முள் விழவில்லை. அந்தச் செய்தியுடன் கராஜுக்குப் போய்ப் பணம் கேட்டிருக்கிறான். அவர்கள் தர முன்வந்தது, அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது பத்து வீதக் கழிவு.