செம்பனை ஆராய்ச்சி: மரம் முன்னே, மனிதர் பின்னே

கோவிட் காலத்தில் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது, பழம் வெட்ட ஆள் இல்லாமல் செம்பனைக் குலைகள் மரத்திலேயே பழுத்து வீணாயின. அந்நியத் தொழிலாளர் வராவிட்டால் இந்தத் தொழில்துறை நின்றுவிடும் என்பது அப்போது எல்லாருக்கும் வெட்டவெளிச்சமானது. அதன் பிறகு, 2021-இல், தோட்ட வேலைகளை இயந்திரமயமாக்கும் ஆய்வுக்கென்று அரசாங்கமும் தோட்ட நிறுவனங்களும் கூட்டாகப் பணம் போட்டு ‘மார்கோப்’ என்ற ஆய்வுக் கூட்டமைப்பைத் தொடங்கின. டிரோன், தானியங்கி வண்டி, குலை வெட்டும் கருவி என்று பேச்சு இன்றும் தொடர்கிறது.

இந்நாட்டில் செம்பனை வணிக முறையில் முதன்முதலாக நடப்பட்டது 1917-இல். இடம், சிலாங்கூரில் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்றும் உயரமான மரத்தின் குலையை இறக்குவது நீண்ட கம்பமும் அதன் நுனியில் கட்டிய வளைந்த அரிவாளும்தான். கீழே நின்று, தலையை அண்ணாந்து, கம்பத்தைத் தூக்கிப் பிடித்து ஒருவர் இழுக்க வேண்டும். இதே காலத்தில் இதே மரத்தின் மரபணு வரை ஆராய்ச்சி போய்விட்டது. அந்த ஆராய்ச்சிக்குத் தொழிலாளியின் கழுத்து வலி மட்டும் ஏன் கடைசியாகக் கண்ணில் பட்டது?

பதில் தேட 1981-க்குப் போக வேண்டும். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு நேரத்தில் வரும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துப் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆப்பிரிக்காவில் அது தானாக நடந்தது. இங்கே பல தோட்டங்களில் சரியாக நடக்கவில்லை. தொழிலாளர்கள் ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, டால்க் பவுடருடன் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின்மேல் கையால் ஊதினார்கள். காய் பிடிப்பதே அந்தக் கைகளை நம்பி இருந்தது.

கெமரூனில் பணியாற்றிய யூனிலீவர் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், அங்கே செம்பனைப் பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதைக் கவனித்தவர். மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று என்று நம்பப்பட்ட காலம் அது. வண்டாக இருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம். பூச்சியியல் ஆய்வாளர் ஆர்.ஏ. சையத் 1977-இல் கெமரூன் சென்று அதைச் சோதித்தார். அரிசி மணியைவிடச் சிறிய அந்தக் கூன்வண்டு, உதிரப்போகும் ஆண் பூவில்தான் முட்டையிடுகிறது, வேறு பயிரைத் தொடுவதில்லை என்று உறுதியான பிறகு இங்கு கொண்டு வரப்பட்டது. 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங்கில் உள்ள பாமோல் தோட்டத்தில் அது திறந்துவிடப்பட்டது. சில மாதங்களுக்குள் பரவிவிட்டது. கையால் மகரந்தம் ஊதும் வேலை அத்துடன் முடிந்தது.

செம்பனை வரலாற்றில் இது பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை. காய் பிடிப்பு கூடியது, குலையின் எடை கூடியது, பருப்பு விளைச்சலும் கூடியது. நிர்வாகத்தின் கணக்கில் கூலிச் செலவு குறைந்தது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாக எழுதி வைக்கவில்லை. மகரந்தம் ஊதியவர்கள் ஒரு வேலையை இழந்தார்கள். கனத்த குலையை வெட்டி, தூக்கி, வண்டியில் போட்டவர்கள் அதே கம்பம், அதே தோளுடன்தான் அதைச் செய்தார்கள். இருபது கிலோவைத் தாண்டும் ஒரு குலையை நாள் முழுதும் தூக்கிப் பார்த்தவருக்கு ‘விளைச்சல் உயர்வு’ என்ற சொல்லின் பொருள் வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சையத் ஆய்வைத் தொடங்கி நான்கே ஆண்டில் வண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டது. விளைச்சல் என்று வந்தால் ஆராய்ச்சிக்கு எவ்வளவு வேகம் பிடிக்கும் என்பதற்கு இதுவே அளவுகோல்.

அடுத்த பெரிய பாய்ச்சல் 2013-இல் வந்தது. செம்பனையில் மூன்று வகை உண்டு. ஓடு தடித்தது டூரா. ஓடே இல்லாதது பிசிபெரா. இரண்டையும் கலந்தால் கிடைப்பது ஓடு மெலிந்த தெனெரா. தோட்டங்களில் நடப்படுவது இந்தத் தெனெராதான். டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். சிக்கல் என்னவென்றால், நாற்றங்கால் கன்றைப் பார்த்து அது எந்த வகை என்று சொல்ல முடியாது. நட்டு, வளர்த்து, சில ஆண்டுகள் காத்திருந்து, பழத்தைப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். டூரா என்று தெரிந்தாலும் அப்போது என்ன செய்வது? ஒரு மரம் சுமார் 25 ஆண்டுகள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மலேசிய செம்பனை வாரியமும் அமெரிக்காவின் ஓரியன் ஜினோமிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து, ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவை 2013-இல் கண்டுபிடித்தன. ‘நேச்சர்’ ஆய்விதழில் செம்பனையின் முழு மரபணு வரைபடத்துடன் அது வெளிவந்தது. ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகிய மலேசிய ஆய்வாளர்களின் பெயர் உலகம் முழுதும் அறியப்பட்டது அப்போதுதான். இப்போது கன்றின் ஓர் இலைத் துண்டைச் சோதித்தால் போதும். இதில் உண்மையில் பயன் அடைய வேண்டியவர் பெரிய நிறுவனமல்ல, சிறு தோட்டக்காரர். நான்கைந்து ஏக்கர் வைத்திருப்பவர் வாங்கும் கன்றில் பத்தில் ஒன்று டூராவாக இருந்தால் அந்த இழப்பு கால் நூற்றாண்டுக்கு அவர் வீட்டு வரவு செலவில் உட்கார்ந்திருக்கும். சோதனை ஆய்வுக்கூடத்தில் இருந்தால் மட்டும் போதாது. கன்று வாங்கும் இடத்தில், தாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். மலேசியாவின் சராசரி எண்ணெய் விளைச்சல் பல பத்தாண்டுகளாக ஹெக்டருக்கு 3 முதல் 4 டன் என்ற அளவிலேயே நிற்பது, கண்டுபிடிப்புக்கும் காட்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் காட்டுகிறது.

2015-இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. நல்ல மரத்தின் திசுவிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கன்றுகளில் சில, 1980களிலிருந்தே உருக்குலைந்த பழம் காய்த்து வந்தன. காரணம், மரபணுத் தொகுதிக்குள் இருக்கும் ஒரு துணுக்கின் மேலுள்ள வேதிக் குறி அழிந்துபோவது. அந்தத் துணுக்கின் பெயர் ‘கர்மா’. குறி இருந்தால் நல்ல கர்மா, அழிந்தால் கெட்ட கர்மா என்றே ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். அறிவியல் கட்டுரையில் இப்படி ஒரு சொல் வரும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்!

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாதது, ஆனால் பழம் வெட்டுவோருக்கு மிக நெருக்கமானது, 2014-இல் கண்டறியப்பட்ட நிற மரபணு. சாதாரணச் செம்பனைப் பழம் கறுத்த ஊதாவாக இருந்து சிவக்கும். உயரத்தில் இருக்கும் குலை பழுத்ததா இல்லையா என்று கீழிருந்து சொல்வது கடினம். தரையில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். பழுக்காத குலையை வெட்டினால் கூலியில் பிடிக்கும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. ஆனால் ஒருவகைச் செம்பனை, காயில் பச்சையாக இருந்து பழுத்ததும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். அதற்கான மரபணுவைச் செம்பனை வாரியம் கண்டுபிடித்தது. அந்த வகை பரவலாக நடப்பட்டால், எது பழம் எது காய் என்ற தகராறே பெருமளவு குறையும். மறுநடவு செய்யும் தோட்டங்களிடம் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி மறுபக்கம். களைக்கொல்லியான பாராகுவாட்டை, தோட்டத்தில் எல்லாரும் அறிந்த பெயரில் சொன்னால் கிரமக்சோனை, முதுகில் டாங்கி கட்டி அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கண் எரிச்சல், தோல் புண், நகம் கழறுவது, மூக்கில் இரத்தம் எல்லாம் அதன் அறியப்பட்ட விளைவுகள். உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது. தெனாகனித்தா அமைப்பு 2002-இல் தோட்டப் பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். வண்டு வர 4 ஆண்டு. நஞ்சு போக 18 ஆண்டு. இத்தனைக்கும் இங்கே கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. நஞ்சு என்பது முன்பே தெரியும்.

இயந்திரங்களின் கதையும் இதையே சொல்கிறது. செம்பனை வாரியம் உருவாக்கிய ‘கந்தாஸ்’ என்ற மோட்டார் வெட்டுக்கருவி, உயரம் குறைந்த மரங்களில் வேலையை வேகப்படுத்துகிறது. உயர்ந்த மரத்துக்கு அது எட்டாது. மேடு பள்ளமான நிலம், சீரற்ற குலை, அடர்ந்த மட்டை ஆகியவற்றால் இயந்திரம் வடிவமைப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்த வரை யாரும் அவசரப்படவில்லை என்பதும் உண்மை. ஆள் வராமல் போனபோதுதான் பணம் ஒதுக்கப்பட்டது.

இப்போது அவசரம் வந்துவிட்டது. குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். இயந்திரத்தை ஓட்டுபவர், பழுது பார்ப்பவர், டிரோன் இயக்குபவர் ஆகியோருக்கு அதைவிடக் கூடுதல் சம்பளம் கேட்க நியாயம் உண்டு. மருந்து தெளிக்கும் டிரோனை நினைத்தபடி பறக்கவிட முடியாது. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், இயக்குபவருக்குப் பயிற்சி வேண்டும். எஸ்.பி.எம். முடித்துவிட்டுத் தோட்டத்தை விட்டுப் போகத் துடிக்கும் பிள்ளைகளுக்கு திவெட் தொழில்திறன் கல்வி வழியாக இது ஒரு வாசல். தோட்ட வேலை என்றாலே கம்பமும் கூடையும்தான் என்று தாத்தா, பாட்டி காலத்து நினைவில் பெற்றோர் முகம் சுளிப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்த வேலையின் சம்பளமான பகுதி இப்போதுதான் தொடங்குகிறது. அதை வெளியூர்ப் பயிற்சி நிறுவனங்களில் படித்தவர்கள் எடுத்துக்கொள்வார்களா, பல தலைமுறையாக அந்த மண்ணில் இருந்த குடும்பங்கள் எடுத்துக்கொள்ளுமா என்பது அடுத்த சில ஆண்டுகளில் முடிவாகிவிடும்.

கூலி முறையிலும் கேள்வி இருக்கிறது. பழம் வெட்டுவோருக்கு எடை அல்லது குலைக் கணக்கில் பணம் தரும் தோட்டங்களில், கருவி வந்து ஒருவர் இரு மடங்கு வெட்டினால் ஒரு குலைக்கான விலை அப்படியே இருக்குமா, குறைக்கப்படுமா? கருவியின் எண்ணெய், பழுதுச் செலவு யார் கணக்கு? கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இவை எழுத்தில் வர வேண்டும்.

டிரோன் வந்தால் மருந்தடிப்பவர் நஞ்சிலிருந்து விடுபடுவார் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. முதுகு டாங்கி போவது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் டிரோன் கீழே இறங்கும். அதன் டாங்கியை யாரோ நிரப்ப வேண்டும். டிரோனில் குறைந்த நீரில் அடர்த்தியாகக் கலந்த மருந்தைத்தான் அடிக்கிறார்கள். அதைக் கலக்கும் கையில் உறை இருக்கிறதா, முகத்தில் கவசம் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதற்குத் தோட்டத்தில் ஓர் ஆள் பெயர் குறித்து நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்பதைப் பெரட்டுக்களத்திலேயே இப்போது கேட்கலாம்.