கோச்சைத் திட்டுவதற்கு முன்



மூன்று நாளாக நம் குரூப்பில் ஒரே சண்டை. 2015-லும் 2018-லும் கோப்பை வாங்கிய சென்னையின் எஃப்சி, 2024-25 சீசனில் 13 அணிகளில் 11-வதாக முடித்தது. கோச்சைத் தூக்கு என்கிறீர்கள். இன்னொரு கோஷ்டி, அதே சீசனில் மான்செஸ்டர் யுனைடெட் 15-வது ஆனதற்குக் கம்பத்தில் உட்கார்ந்து கண்ணீர் வடிக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கோவையில் ஆடி 2018-19 ஐ-லீக்கையே ஜெயித்ததே சென்னை சிட்டி, அது எங்கே? 2021-க்குப் பிறகு அந்த லீக்கில் அதன் பெயரே இல்லை. அதற்காக நம்மில் ஒருவராவது ஒரு வரி எழுதினோமா?

தோல்விக்குக் கோச் மட்டும் காரணமில்லையப்பா. கீழே இருந்து பையன்கள் வரவேண்டும். நாற்றங்கால் போடாதவன் அறுவடைக்கு அரிவாள் தீட்டலாமா? பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையும் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, டீமில் ஏன் நம்ம ஊர்ப் பையன் இல்லை என்று கேட்டால் எப்படி?

என் மீதும் தப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொண்டவன் நான்தான். பந்தோடு நின்றவர்களை வகுப்புக்குள் விரட்டியிருக்கிறேன். ரிசல்ட் வந்தது, ஆட்டம் போனது.

வருகிற ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிரவுண்டுக்கு வாருங்கள். பந்து நான் வாங்கித் தருகிறேன். சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம்.