உலா போக ஒரு பிரவுசர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் வீதியுலா வந்தால் ஊரே பார்க்கும். இணையத்தில் நாம் உலா போனால் விளம்பரக்காரர்கள் பார்க்கிறார்கள். முட்டிவலிக்குத் தைலம் தேடினால் போதும், ஒரு வாரத்துக்குத் தைல விளம்பரம்தான்!

ஜோஹோ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட பிரவுசருக்குப் பெயரே 'உலா'. இப்படிப் பின்தொடர்வதைத் தடுப்பதுதான் அதன் முக்கிய அம்சம். அலுவலகம், சொந்த வேலை, குழந்தைகள் எனத் தனித்தனி மோடுகளும் உண்டு. அடித்தளம் என்னவோ கூகுள் தொடங்கிய குரோமியம்தான்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோவுக்கு அலுவலகம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்ப் பாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. பென்ஷன் கணக்கையும் பேரன் விளையாட்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற நம் வயதுக்காரர்களுக்கு இந்தத் தடுப்பு அவசியம் என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும் நண்பர்களே: வங்கி ஓடிபியை நாமே போனில் யாரிடமாவது சொல்லிவிட்டால் எந்தப் பிரவுசரும் காப்பாற்றாது.