பெரிய டிஸ்க் வாங்கினால் இணையம் வேகமாகிவிடுமா?

பள்ளியிலோ சிறு அலுவலகத்திலோ இணையம் மெதுவாக வருகிறது என்றால், ஆலோசனை சொல்ல வருபவர்கள் முதலில் சொல்வது, "பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கிப் போடுங்கள் சார்." ஓமலூரிலும் இதே பேச்சுதான். இது தவறான யோசனை. செலவாவது பொதுப்பணம் என்றால் இன்னும் தவறு.

விஷயம் இதுதான். இருபது கம்ப்யூட்டருக்கு ஒரே இணைப்பு. நடுவில் ப்ராக்ஸி சர்வர். ஒருவர் கேட்ட கோப்பின் நகலை டிஸ்கில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது வெளியே போகாமல் அதையே எடுத்துக் கொடுக்கும். 1996 முதல் இந்த வேலையைச் செய்துவரும் இலவச மென்பொருள் ஸ்க்விட்.

இந்தச் சேமிப்புக்குப் பெயர் 'கேஷ்'. பிரெஞ்சில் படித்த எனக்கு அது ஒளித்து வைக்கும் இடம். நம்மவர்களோ அதைப் பதுக்கல் கிடங்காகவே ஆக்கிவிட்டார்கள். உண்மையில் அது ரெக்கார்டு ரூம். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்று பிரித்து, காலம் கடந்ததைக் கழித்தால்தான் அங்கே கேட்ட கோப்பு கிடைக்கும்.

எந்த நகல் எங்கே என்ற பதிவேட்டை ஸ்க்விட் ரேமில் வைத்திருக்கிறது. 1 ஜிபி டிஸ்குக்குச் சுமார் 10 முதல் 14 எம்பி ரேம் வேண்டும். 500 ஜிபி கொடுத்தால் பதிவேட்டுக்கே 5 முதல் 7 ஜிபி! 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டி என்ன ஆகும்? டிஸ்கின் முழு அளவை எழுதாதே, 20 சதவீதம் கழித்து எழுது என்று ஸ்க்விட்டின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. யார் படிக்கிறார்கள்?

இன்னொன்று. ஒரு கோப்புக்கு 4 எம்பி என்பது அதில் முன்கூட்டியே உள்ள உச்சவரம்பு. அதை உயர்த்தாவிட்டால், எத்தனை டிபி வாங்கினாலும் பெரிய அப்டேட் கோப்பு உள்ளே நுழையாது. உயர்த்தும் வரியையும் டிஸ்க் அளவு எழுதும் வரிக்கு மேலே எழுத வேண்டும்.

இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். ஒட்டிய உறையைப் பிரித்து நகலெடுக்க ப்ராக்ஸிக்குச் சாதாரணமாக வழியில்லை. மிஞ்சுவது உபுண்டு போன்றவற்றின் மென்பொருள் தொகுப்புகள் முதலான சில. அதற்குச் சிறிய டிஸ்கே தாராளம். தொலைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளும் நகலுக்கு ரெய்டு என்று இரட்டைச் செலவும் வேண்டாம்.

கொள்முதல் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரிகளே, மூன்று கேள்வி கேளுங்கள். ரேம் எவ்வளவு? உச்சவரம்பு எவ்வளவு? வைத்த நகலில் எத்தனை மறுபடி பயன்பட்டது? மூன்றாவதற்கு விடை ஸ்க்விட்டின் லாக் பதிவேட்டில் வரிக்கு வரி 'ஹிட்', 'மிஸ்' என்று இருக்கிறது. அதைக் காட்டாதவருக்குப் பணம் அனுமதிக்காதீர்கள்.