கோழி தின்னதாலயா தோத்தாங்க? போங்கய்யா!

டிஸ்கி: இது பேஸ்பால் பதிவு. பேஸ்பால் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். பிட்சர்னா பந்து போடுறவர்னு தெரிஞ்சா போதும், மீதியை வழியில சொல்லிக்கிட்டே போறேன்.

ஒரு டீம் கேவலமா தோத்துட்டா உடனே ரெண்டு கட்சி கிளம்பிடும். "ஆடுறவனுங்களுக்குப் பொறுப்பே இல்ல, காசை வாங்கிட்டு தூங்குறானுங்க" இது ஒரு கட்சி. "நிர்வாகம் சரியில்ல" இது இன்னொண்ணு. மூணாவதா ஒரு கட்சி இருக்கு பாருங்க... "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்குப்பா"ன்னு நியாயஸ்தன் மாதிரி தலையை ஆட்டிட்டு டீ குடிக்கப் போயிடும். எனக்கு எரிச்சல் வர்றது இந்த மூணாவது கட்சியைப் பார்த்தாதான். ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கும்ங்கிறது எல்.கே.ஜி. பையனுக்கும் தெரியும். எந்தத் தப்பைச் சரி பண்ணினா டீம் நிமிரும்? கேள்வி அதுதான்.

இந்தச் சண்டைக்கு 2011 பாஸ்டன் ரெட் சாக்ஸை விட நல்ல கேஸ் கிடையாது. ஏன்னா அதுக்கப்புறம் ரெண்டே வருஷத்துல ரெண்டு வைத்தியத்தையும் செஞ்சு பார்த்துட்டாங்க. ரிசல்ட் கண்ணு முன்னாடி இருக்கு. இருந்தும் இன்னைக்கு வரைக்கும் அந்த டீம் பேரைச் சொன்னா "அந்த சிக்கன் பீர் பசங்களா?"ன்னுதான் கேக்குறாங்க. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

நடந்தது என்ன?

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். பாஸ்டன் 2011ஐ 2 வெற்றி, 10 தோல்வின்னு படு மோசமா ஆரம்பிச்சுது. அப்புறம் ஆகஸ்ட் முடியுற வரைக்கும் 81 வெற்றி, 42 தோல்வி. ராட்சச ஆட்டம். செப்டம்பர் 3 அன்னைக்கு, பிளேஆஃப் போறதுக்கான வைல்ட் கார்டு இடத்துல (அப்போ ஒரு லீகுக்கு ஒரே ஒரு இடம்தான்) டாம்பா பே ரேஸை விட 9 ஆட்டம் முன்னாடி இருந்தாங்க. பெட்டியைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கலாம்.

செப்டம்பர் மாசம் மட்டும்: 7 வெற்றி, 20 தோல்வி.

செப்டம்பர் 28, கடைசி நாள். ரெண்டு டீமும் சமம். பால்டிமோர்ல பாஸ்டன் 3-2 முன்னிலை. கடைசி இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட், பாப்பல்பான் இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போட்டா முடிஞ்சுது. போட முடியல. ரைமோல்ட் அடிச்சு சமன் பண்ணினார், அடுத்து வந்த ஆண்டினோ அடிச்ச பந்து லெஃப்ட் ஃபீல்டுல கிராஃபோர்டோட கையுறையில பட்டு நழுவுச்சு. 4-3. அந்தப் பக்கம் நியூயார்க் யாங்கீஸ்கிட்ட 7-0ன்னு பின்தங்கி இருந்த டாம்பா சமன் பண்ணி, பாஸ்டன் தோத்த சில நிமிஷத்துல லாங்கோரியா அடிச்ச ஹோம் ரன்னுல ஜெயிச்சுடுச்சு. பாஸ்டன் 90-72, டாம்பா 91-71. கதை முடிஞ்சுது.

ரெண்டே நாள்ல மேனேஜர் டெர்ரி ஃபிரான்கோனா வெளியே. இங்க ஒரு விளக்கம்: பேஸ்பால்ல மேனேஜர்னா நம்ம கிரிக்கெட் கோச்சும் கேப்டனும் சேர்ந்த மாதிரி ஒரு ஆள். ஆளை வாங்குறது, விக்குறது எல்லாம் ஜெனரல் மேனேஜர். காசு போடுறது ஓனர். நான் இந்தப் பதிவுல நிர்வாகம்னு சொல்றது இந்தக் கடைசி ரெண்டு பேரைத்தான். 86 வருஷம் கோப்பையே பார்க்காத ஊருக்கு 2004லயும் 2007லயும் ரெண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவர் ஃபிரான்கோனா.

அக்டோபர் 12, பாஸ்டன் குளோப் பத்திரிகை ஒரு பெரிய கட்டுரை போட்டுச்சு. பெக்கெட், லெஸ்டர், லாக்கி, இந்த மூணு பிட்சர்களும் தாங்கள் பந்து போடாத நாள்ல, ஆட்டம் நடக்கும்போதே உள்ள ரூம்ல உக்காந்து வறுத்த கோழி தின்னு, பீர் குடிச்சு, வீடியோ கேம் ஆடிக்கிட்டு இருந்தாங்கன்னு. போதாக்குறைக்கு ஃபிரான்கோனா சாப்பிடுற வலி மாத்திரை, அவர் குடும்ப வாழ்க்கை வரைக்கும், பேர் சொல்லாத ஆட்களை வெச்சு அச்சுல ஏத்தினாங்க. மாத்திரையால என் வேலை கெடலைன்னு அவர் மறுத்தார். யார் கேட்டா? ஊருக்கு வில்லன் கிடைச்சாச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம்

முதல்ல ஒண்ணு. அந்த மூணு பேரும் யோக்கியன்னு நான் வாதாட வரல. கூட ஆடுறவன் வெளியே வெயில்ல நிக்கும்போது நீ உள்ள உக்காந்து பீர் குடிக்கிறது அசிங்கம். பெக்கெட்டும் லெஸ்டரும் அந்தச் செப்டம்பர்ல மோசமா போட்டாங்க, அதுவும் உண்மை. ஆனா அசிங்கம் வேற, காரணம் வேற.

பேட்டிங்ல குறையா? அந்த வருஷம் பாஸ்டன் எடுத்தது 875 ரன், மொத்த மேஜர் லீகுலயே அதிகம். டாம்பா எடுத்தது 707. 168 ரன் கம்மியா எடுத்த டீம் மேல போயிடுச்சு. எப்படி? பாஸ்டன் விட்டுக் கொடுத்தது 737, டாம்பா விட்டுக் கொடுத்தது 614. அவ்ளோதான் மேட்டர். பிட்சிங்.

ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கிற பிட்சருக்கு ஸ்டார்ட்டர்னு பேரு. ஒருத்தர் போட்டா நாலு நாள் ரெஸ்ட், அதனால ஒரு டீமுக்கு அஞ்சு பேர் வேணும். 9 இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தனை ரன் கொடுக்குறார்ங்கிறதுதான் அவங்களுக்கு மார்க். 3ன்னா நல்லவர், 4ன்னா சுமார். செப்டம்பர்ல பாஸ்டன் ஸ்டார்ட்டர்களோட மார்க் 7.08. வீட்டுக் கதவைத் திறந்து வெச்சுட்டு திருடன் வரக்கூடாதுன்னு சாமி கும்பிட்ட கதைதான்.

யார் யார் போட்டாங்கன்னு பாருங்க. மட்ஸுசாகா ஜூன்லயே முழங்கை ஆபரேஷனுக்குப் போயாச்சு. புக்ஹோல்ஸ் ஜூன் நடுவுல முதுகு உடைஞ்சு உக்காந்தவர், திரும்பவே இல்ல. லாக்கி கெட்டுப்போன முழங்கையோட சீசன் பூரா போட்டார், அவர் மார்க் 6.41. அதுக்கப்புறம் ஆபரேஷன், 2012 முழுக்க ஆடல. வேக்ஃபீல்டுக்கு 45 வயசு, 200வது வெற்றிக்கு எட்டு தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்துச்சு. வைலண்ட்ங்கிற பையன் அந்த வருஷம்தான் உள்ளயே வந்தவர். ஜூலை 31, ஆள் வாங்குறதுக்குக் கடைசி நாள்ல அவசரமா வாங்கினது எரிக் பெடார்டை, காயத்துக்குப் பேர் போனவர். அதுக்கு முன்னாடி ரிச் ஹார்டனை வாங்கப் பார்த்தாங்க, மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு பேரத்தையே கைவிட்டாங்க.

"காயம் விதி, அதுக்கு நிர்வாகம் என்ன பண்ணும்?"னு ஒருத்தர் பின்னூட்டத்துல வருவார், தெரியும். அண்ணே, 2009 டிசம்பர்ல லாக்கிக்கு 5 வருஷம், 8.25 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டப்பவே, "முழங்கை கெட்டு ரொம்ப நாள் ஆடாம போனா, கடைசியில ஒரு வருஷம் அடிமட்டச் சம்பளத்துக்கு ஆடணும்"னு ஒரு ஷரத்து எழுதி வாங்கியிருக்காங்க. அந்த முழங்கை ரிஸ்க்னு வக்கீலுக்குத் தெரிஞ்சிருக்கு. காசுக்கு இன்ஷூரன்ஸ் போட்டவங்க ஆட்டத்துக்குப் போடல. முழங்கை போனா யார் பந்து போடுறது? பதில் இல்ல.

காசு இல்லாமயா? பாஸ்டன் சம்பளப் பட்டியல் சுமார் 16 கோடி டாலர், டாம்பாவோடது சுமார் 4 கோடி. டாம்பாவோட அஞ்சு ஸ்டார்ட்டர்களும், ஷீல்ட்ஸ், பிரைஸ், ஹெலிக்ஸன், டேவிஸ், நீமன், அத்தனை பேரும் சின்ன வயசுல அவங்களே தேர்ந்தெடுத்து வளர்த்த பசங்க.

பாஸ்டன் காசு எங்க போச்சு? கார்ல் கிராஃபோர்டுக்கு 7 வருஷம், 14.2 கோடி. அவரோட பெரிய சொத்தே ஓட்டம். லெஃப்ட் ஃபீல்டுல அகலமா ஓடிப் பிடிப்பார். பாஸ்டனோட ஃபென்வே மைதானத்துல லெஃப்ட் ஃபீல்டுதான் குறுகல், 37 அடி உயரச் சுவரு வேற முகத்துக்கு நேரா நிக்குது. ரேஸ் குதிரையை வாங்கிட்டு வந்து மொட்டை மாடியில கட்டின மாதிரி! ஏன் வாங்கினாங்க? ஃபிரான்கோனா 2013ல போட்ட புத்தகத்துல விஷயம் வெளிய வந்துச்சு. 2010ல டிவி ரேட்டிங் விழுந்ததும் நிர்வாகம் ஆய்வுக்காரங்களை வெச்சு சர்வே எடுத்திருக்கு. கவர்ச்சியான ஸ்டார்கள் வேணும்னு அழுத்தம் வந்திருக்கு. ஓனர் ஜான் ஹென்றி என்னடான்னா, குளோப் கட்டுரை வந்த ரெண்டாவது நாள் ரேடியோ ஸ்டேஷனுக்கு சொல்லாம கொள்ளாம காரோட்டிட்டுப் போய், "கிராஃபோர்டை வாங்குறதுல எனக்கு உடன்பாடே இல்ல"ன்னு பேசிட்டு வந்தார். கையெழுத்து உங்களோடது, உடன்பாடு மட்டும் இல்லையா சார்? :-)

வைத்தியம் ஒண்ணு: ஒழுக்கம்

2012க்கு பாபி வாலண்டைன்னு கறாரான மேனேஜர் வந்தார். வந்ததும் பிப்ரவரியிலயே முதல் வேலையா கிளப்ஹவுஸ்ல பீருக்குத் தடை. கோழி பீர் கட்சி சொன்ன மருந்து இதுதானே? 69 வெற்றி, 93 தோல்வி. டிவிஷன்ல கடைசி இடம். 1965க்கு அப்புறம் அவ்வளவு மோசமான சீசன் பாஸ்டனுக்கு இல்ல.

வைத்தியம் ரெண்டு: டீமைக் கட்டுற விதம்

2012 ஆகஸ்ட்ல கோன்சாலெஸ், கிராஃபோர்டு, பெக்கெட் மூணு பேரையும் இன்னும் ஒருத்தரோட சேர்த்து லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டாங்க. 25 கோடி டாலருக்கு மேல சுமை இறங்குச்சு. அந்தக் காசுல இன்னொரு ஸ்டாரை வாங்காம நப்போலி, விக்டோரினோ, கோம்ஸ், உவேஹாரா, டெம்ப்ஸ்டர்னு நடுத்தர ஆட்களா பரவலா வாங்கினாங்க. யாருக்கும் 3 வருஷத்துக்கு மேல ஒப்பந்தம் இல்ல. மேனேஜர், முன்னாடி அங்கேயே பிட்சிங் கோச்சா இருந்த ஜான் ஃபாரல்.

2013: 97 வெற்றி, உலகக் கோப்பை. ஃபைனல்ல முதல் ஆட்டத்தையும் அஞ்சாவது ஆட்டத்தையும் ஜெயிச்சுக் கொடுத்த பிட்சர் யாரு? லெஸ்டர். கோப்பையை முடிச்சுக் கொடுத்த ஆறாவது ஆட்டத்தை ஜெயிச்ச பிட்சர்? லாக்கி. அதே கோழி, அதே பீர் பசங்க சாமி! மூணு பேர்ல ரெண்டு பேர் அதே டீம்ல இருந்தாங்க. ஒருத்தரோட முழங்கையைச் சரி பண்ணினாங்க, ரெண்டு பேர் தோள்ல இருந்த பாரத்தைப் பகிர்ந்து போட்டாங்க. குணத்தையா மாத்தினாங்க?

"பெக்கெட் போனதாலதான் சரியாச்சு"ன்னு சொல்றவங்களுக்கு: அவரும் 2014 மே மாசம் டாட்ஜர்ஸுக்காக ஒரு ஹிட் கூடக் கொடுக்காம ஒரு முழு ஆட்டத்தைப் போட்டு முடிச்சார். ஆண்ட்ரூ மில்லரை 2011ல ஸ்டார்ட்டரா இறக்கி அடி வாங்க வெச்சாங்க. அவரே அப்புறம் ரிலீவராகி, 2016ல கிளீவ்லாண்டுக்காக அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரோட சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த கிளீவ்லாண்ட் மேனேஜர் யாரு? ஃபிரான்கோனா! ஃபைனல்ல அவங்களை ஜெயிச்சு 108 வருஷக் காத்திருப்பை முடிச்ச சிகாகோ கப்ஸ்ல லெஸ்டர், லாக்கி ரெண்டு பேரும் இருந்தாங்க. அந்தக் கப்ஸைக் கட்டினது, 2011ல பாஸ்டன் ஜெனரல் மேனேஜரா இருந்து அந்த ஓட்டை ரொட்டேஷனைக் கட்டின அதே எப்ஸ்டீன். நிர்வாகத்துல இருக்கிறவங்களும் திருந்தலாம். ஆனா தப்பு எங்க இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாதான் திருந்த முடியும்.

அப்புறம் ஏன் கோழிக் கதை இன்னும் ஓடுது?

ஏன்னா அது சுலபம். 7.08ன்னு சொன்னா யாருக்கும் கோபம் வராது. பீர்னு சொன்னா வரும். ஒழுக்கக் கதைக்கு இன்னொரு வசதி, அது எப்பவும் கீழ இருக்கிறவன் மேலதான் போய் விழும். நம்ம ஆணி பாஷையில சொன்னா: ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சு. பேக்கப் சர்வர் வேண்டாம்னு பட்ஜெட்ல வெட்டினது யாருன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்காது. ஷிஃப்ட்ல இருந்த பையன் பரோட்டா சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்னு ஒரு பக்கம் இருக்கும். பையன் சாப்பிட்டது உண்மைதான். பரோட்டா சாப்பிடாம முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்திருந்தாலும் சர்வர் படுத்திருக்கும்.

ஒரு ஆட்டத்தை ஆட்டக்காரர் தோக்கலாம். அன்னைக்கு பாப்பல்பான் தோத்தார், கிராஃபோர்டு பந்தை விட்டார், ஒத்துக்கறேன். ஆனா 9 ஆட்டம் முன்னாடி இருந்த டீம், 162வது ஆட்டத்தோட கடைசி ஸ்ட்ரைக் வரைக்கும் வந்து தொங்குற நிலைமையை உண்டாக்கினது அந்த ஒரு பந்து இல்ல. அஞ்சு பேர் வேண்டிய இடத்துல ரெண்டரை பேரை வெச்சுக்கிட்டு, மிச்சக் காசை டிவி ரேட்டிங்குக்குச் செலவழிச்ச முடிவு. அதை எடுத்தவங்க யாரும் அந்த ரூம்ல கோழி தின்னுக்கிட்டு இருக்கல. மேல ஏசி பாக்ஸ்ல உக்காந்திருந்தாங்க. அங்க என்ன சாப்பிட்டாங்கன்னு எந்தப் பத்திரிகையும் எழுதல.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம். "ரெண்டு பேர் மேலயும் தப்பு"ன்னு மட்டும் எழுதிட்டுப் போற நியாயஸ்தர்கள் மட்டும் தயவுசெஞ்சு டீக்கடைக்கே போயிடுங்க. :-)