சூலுற்றாரைக் காத்தல்

பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது இயல்பு என்பது எம்மூர்க் கிழவியர் கூற்று. பெரும்பாலும் அஃது உண்மையே. என் தமக்கையின் காலும் வீங்கிற்று. பின்னர் முகமும் வீங்கிற்று. தலையிடிக்கு மல்லித்தண்ணீர் கொடுத்தார்கள். கண்முன்னே மின்மினி பறக்கின்றதென்று அவள் சொன்னதை ஒருவரும் பொருட்படுத்திலர். மூன்றாம் நாள் வலிப்புக் கண்டது. சன்னி என்றார்கள், நூல் கட்டினார்கள். தாயும் சேயும் போயினர். அப்பொழுது எனக்கு வயது பதினான்கு.

அது சன்னியன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். சூலின் இருபதாம் வாரத்துக்குப் பின் குருதியமுக்கம் 140/90 என்னும் அளவை எட்டிச் சிறுநீரிற் புரதமும் கழியுமாயின் அதனை முன்சூல்வலிப்பு என்பர். (பண்டிதர் ஆக்கிய சொற்போலும், நாவுக்கு எளிதன்று.) கையிற் பட்டி சுற்றி அமுக்கம் பார்ப்பதற்கும் சிறுநீரைச் சோதிப்பதற்கும் ஒரு நாழிகைதானும் வேண்டா. வலிப்பைத் தடுக்க மகனீசியஞ் சல்பேற்று என்னும் மலிவான உப்பு உண்டு. அது வலிப்பு நேருவதைப் பாதிக்குமேற் குறைக்கும் என்று 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டிற்று.

இவ்விடயத்தில் நம் நாடு தலைகுனிய வேண்டியதில்லை. 1930களில் இலட்சம் பிறப்புக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை இழந்தோம். அண்மைக் காலத்தில் அத்தொகை முப்பது நாற்பதளவில் நிற்கின்றது. 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதிமுறையும், வீடு தேடிச் செல்லும் மருத்துவமாதரும் நமக்குத் தேடித்தந்த பேறு இது. எனினும் எஞ்சி இறப்போருள் இருதய நோயாளர், அமுக்கம் மிகுந்தோர், குருதிப்பெருக்குக்கு ஆளாவோர் எனப் பலர் உளர். இவருட் பலரை முன்னரே இனங்காணலாம். கண்டபின் யாது செய்கின்றோம் என்பதே என் வினா.

"பிறஷர் கூட, ஆசுப்பத்திரிக்குப் போங்கோ" என்பதோடு பேச்சு முடிந்தால் அவள் போவாளா? வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆட்டுக்குக் குழை முறிக்க ஆளில்லை, உடம்பிலோ நோவில்லை. நோவில்லாத நோய்க்கு யார் பயப்படுவர்? ஆகவே அவளுக்கு மட்டுமன்றி, கணவனுக்கும் மாமிக்கும், விடாத தலையிடியும் கண்மங்கலும் மேல்வயிற்று நோவும் அபாயக்குறிகள் என்று வீட்டுத் தமிழிலே விளக்கவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், 1857இலேயே 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் தந்தார். அந்நியர் ஒருவருக்கு அன்று இயன்றது நமக்கு ஏன் இயலவில்லை? மலையகத் தோட்டங்களிலே தமிழறிந்த மருத்துவமாதர் போதாமையோ நெடுநாளைய குறை.

அடுத்தது தூரம். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு ஓடாது. அமுக்கம் மிகுந்தவளையும், முன்னொருமுறை வயிறு கீறிப் பிள்ளை பெற்றவளையும் நோக்கண்டபின் ஏற்றிக் கொணர்தல் சூதாட்டமன்றி வேறென்ன? பெரிய ஆசுப்பத்திரிகளின் அருகே, நாள் நெருங்குமுன் வந்து தங்குதற்கு விடுதிகள் அமைக்கவேண்டும். பெண்கள் வீட்டைவிட்டு வரமாட்டார் என்று அதிகாரிகள் சொல்வர். வரமாட்டார்தாம், பாலுண்ணும் பிள்ளையை வாசலில் விட்டுவா என்றால் எவள் வருவாள்? சிறுபிள்ளையோடும் துணைக்கு ஒரு கிழவியோடும் தங்க இடமும், சமைக்க ஓர் அடுப்பும் கொடுத்துப் பாருங்கள்.