உறைந்த கனியும் உரிய பெயரும்

இனிப்பை விரும்பாதார் இலர்; ஆயின், அவ்வினிப்பு எங்ஙனம் பிறந்தது என வினவுவார் சிலரே. பிறப்பறியாது சுவைத்தல் அரைச் சுவையே என்பது எமது கருத்து. இதற்கு எடுத்துக்காட்டாக, உறைந்த திராட்சையினின்று வடிக்கப்படும் 'ஐஸ்வைன்' என்னும் தேறலை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு இப்பொருள் எற்றுக்கு என அன்பர் சிலர் நகைக்கலாம். யாம் எவரையும் பருகுமாறு தூண்டவில்லை. எம்மவர் பலர் வாழும் ரொறன்ரோவுக்கு அண்மையிலுள்ள நயாகராத் தீபகற்பம் இத்தேறலுக்குப் பேர்போன நிலம். ஆதலின் இதனை அறிதல் எமக்குப் புறம்பன்று.

ஜேர்மனியிலே, பிங்கன் நகருக்கு அருகேயுள்ள துரோமர்சைம் என்னும் ஊரில், 1829ஆம் ஆண்டு விளைந்து கொடியிலேயே விடப்பட்ட குலைகளை 1830ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி கொய்தனர். அச்சாற்றின் இனிமை கண்டு வியந்தனர் என்பது வரலாறு. கனடாவில் இனிஸ்கிலின் நிறுவனத்தார் 1984இல் இதனை வடிக்கத் தொடங்கினர்; அவர்தம் 1989ஆம் ஆண்டுத் தேறல் 1991இல் பிரான்சின் போர்தோ நகரிலே உயர்பரிசு பெற்றது.

செய்முறை எளிது, பொறுமையே அரிது. பழுத்த கனியைக் கொய்யாது, பறவை தீண்டாவாறு வலையிட்டுக் காப்பர். குளிர் பூச்சியத்துக்குக் கீழே, ஜேர்மனியில் 7 பாகையும் கனடாவில் 8 பாகையும் இறங்கிய பின்னரே கொய்து, உறைந்தபடியே பிழிவர். நீர் பனிக்கட்டியாகிப் பிழிபொறியில் தங்க, சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிந்த சாறு துளித்துளியாய் இறங்கும். அச்செறிவிலே மதுவமும் சோர்ந்து மெல்லவே தொழில் செய்யுமாதலின், சர்க்கரையின் பெரும்பங்கு எஞ்சி நிற்கும்.

அங்ஙனமாயின் சர்க்கரைப்பாகுக்கும் இதற்கும் வேற்றுமை யாது? புளிப்பே. நாவிற் படரும் இனிமையை அது திகட்டவொட்டாது தடுத்து, வாயைத் தெளிவிக்கின்றது. றீஸ்லிங் இனத்தில் இப்புளிப்புக் கூர்மையானது. விடால் இனத்தில் கனிமணம் மிகுந்தது. 10 முதல் 12 பாகை வரை குளிர்வித்து, சிறு கிண்ணத்திற் சிறிதளவே கொள்வர் சுவைஞர். உடன் உண்ணும் பண்டம் தேறலினும் இனிப்பாயின் தேறல் புளித்துத் தோன்றும். ஆகவே உவர்ப்புடைய பாற்கட்டியைத் துணையாகக் கொள்வாரும் உளர்.

இனி, எமது வழக்குக்கு வருவோம். குளிர்பொறியிலே திராட்சையை உறையவைத்தால் என்ன, நீர் எங்கும் நீர்தானே, விலையும் குறையுமே என்பர் சிலர். அவ்வாறு செய்தலை யாம் குறைகூறோம். அதற்கு இப்பெயரிடுதலையே மறுக்கின்றோம். கொடியில் நின்ற கனி, திங்கள் பலவாக உறைந்தும் இளகியும் வற்றியும் பெற்ற மணம் ஓரிரவிற் பொறியுள் வாராது. மேலும், காற்றுக்கும் பறவைக்கும் அழுகலுக்கும் விளைவை இழக்கத் துணிந்தவனுக்கே அப்பெயர் உரியது. ஜேர்மனியும் கனடாவும் கொடியில் இயல்பாய் உறைந்த கனியையே சட்டத்தால் ஏற்கின்றன. இது நன்று.

இச்சட்டத்துக்குச் சோதனையும் வந்துவிட்டது. மாரி வெப்பமுற்றமையால், ஜேர்மனியின் 13 திராட்சைப் பிரதேசங்களுள் ஒன்றிலேனும் 2019ஆம் ஆண்டு விளைவினின்று இத்தேறல் கிடைத்திலது. பனி வாராத ஆண்டுகள் பெருகப் பெருக, விதியைத் தளர்த்துக என்னும் குரலும் பெருகக்கூடும். அதற்குச் செவிசாய்த்தல் தகாது என்போம்.

போத்தலின் மேலுள்ள பெயர் கல்லூரியின் நற்சான்றிதழைப் போன்றது. பயிலாதானுக்கு அதனை வழங்கின், பயின்றானுடைய சான்றிதழும் மதிப்பிழக்கும். பனி வாராத ஆண்டில் கிண்ணம் வெறிதாயிருக்கட்டும். பெயர் பொய்யாகாதிருப்பதே பெரிது.